தங்கையின் இமைகள்

அந்த ஓட்டுநர் பள்ளியில் அவளுக்குப் பிரேக் டீச்சர் என்று பெயர். மாணவர்கள் வைத்தது. கிளட்ச், கியர் என்று எல்லாவற்றையும் தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்லிக்கொண்டு வருபவள், தெருவில் ஒரு பூனை தலைகாட்டினாலும் "பிரேக்!" என்று ஓர் அதட்டல் போடுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். அதற்குள் அவளே தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்திருப்பாள். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷத்தில் தன் காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பது அவளுக்குப் பெரிய கர்வம்.

பள்ளி என்பது வீட்டின் முன்னறைதான். சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், ஒரு மேஜை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் இரண்டு கார்கள். ஒன்று அவளுடையது, மற்றது தங்கையுடையது. அவற்றைப் பழுது பார்ப்பவர் அவள் கணவர். தெருவில் எல்லோரும் அவரை மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். தங்கை கல்யாணமே வேண்டாம் என்று மாடி அறையில் தங்கிவிட்டவள். அக்காவிடம்தான் கார் ஓட்டப் பழகினாள். கற்றுக்கொடுக்கப் பழகியதும் அக்காவிடம்தான். மாணவர்கள் அவளைச் சின்ன டீச்சர் என்றார்கள். அந்தச் 'சின்ன' இருந்தவரை பெரியவளுக்கு எந்த மனக்குறையும் இல்லை.

ஐம்பதைத் தாண்டியபோது அவள் வீட்டில் எதையாவது தட்டிவிட ஆரம்பித்தாள். டம்ளர் உருளும், கதவு நிலையில் தோள் இடிக்கும். "இதை யாரு இங்க கொண்டாந்து வெச்சது?" என்று மற்றவர்களைத் திட்டினாள். அவர்களும் திட்டு வாங்கிக்கொண்டு பொருளை நகர்த்தி வைத்தார்கள்.

ஒரு நாள் காலை, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு வகுப்பு. கார் நல்ல பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கச் சந்திலிருந்து ஒருவர் சைக்கிளில் விருட்டென்று வெளியே வந்தார். பிரேக் டீச்சரின் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. வங்கிக்காரப் பெண்தான் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தாள். சைக்கிள்காரர் காரின் மூக்கைக் கையால் தள்ளிக்கொண்டு, கெட்ட வார்த்தையில் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார்.

"டீச்சர், நீங்க சொல்லவே இல்லையே?"

"நீயா பிடிக்கிறியான்னு பாத்தேன்," என்றாள் டீச்சர், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

வகுப்பு முடிந்து அந்தப் பெண் போனதும், காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணைக் கையால் பொத்தி, இடது கண்ணால் மட்டும் நேரே பார்த்தாள். பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கறுப்பாகக்கூட இல்லை. அப்படி ஓர் இடமே உலகத்தில் இல்லாத மாதிரி இருந்தது.

கண் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். வார்த்தைகளை அளந்து பேசுகிறவர். கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது, கிளாக்கோமா என்றார். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரம் போக ஆரம்பித்துவிட்டது. போனது திரும்பாது.

"கார் ஓட்டுறது, கத்துக்கொடுக்கிறது ரெண்டையும் இன்னியோட நிறுத்திடுங்க. கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு தங்கை."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல ஓடுற வியாதி."

அடுத்த முறை இருவரும் சேர்ந்து போனார்கள். பார்வையின் ஓரத்தை அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. கிண்ணம் போன்ற ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கங்கே வெளிச்சப் புள்ளி மின்னும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த தடுப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் பக்கத்திலிருந்து டிக், டிக், டிக் என்று ஓயாமல் சத்தம் வந்துகொண்டிருந்தது. தன் பக்கம் நிசப்தமாக இருப்பதைப் பெரியவளால் தாங்க முடியவில்லை. புள்ளி தெரியாமலேயே பொத்தானை அழுத்தத் தொடங்கினாள்.

"அம்மா, வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க. மிஷின் உங்களை நம்ப மாட்டேங்குது," என்றாள் பரிசோதிக்கும் பெண்.

தங்கைக்கும் அழுத்தம் கூடுதலாக இருந்தது. ஆனால் நரம்புக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் ஒரு சொட்டு மருந்து போதும் என்றார் டாக்டர். "நல்ல நேரத்துல வந்தீங்க," என்று சிரித்தார். அந்த டாக்டர் சிரித்து அக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது தங்கை ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் அக்கா. சிக்னலில் காரை நிறுத்திவிட்டு, தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னாலதான்கா நான் தப்பிச்சேன்."

அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியம் அக்காவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. என் கண் போனதால் உன் கண் பிழைத்தது. எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்திருந்தால் நானும் நல்ல நேரத்தில் போயிருப்பேன். எனக்குத்தான் அக்கா இல்லையே. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்பது அவளுக்கே தெரியும். அதனால் விழுங்கினாள். விழுங்க விழுங்க அது உள்ளே போய் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது.

அவள் மாணவர்கள் எல்லோரும் தங்கையின் காருக்கு மாறினார்கள். வங்கிக்காரப் பெண்ணும்தான். வாசலில் கார் கிளம்பும்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். தன் காரில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னிடம் பயந்துகொண்டு கற்றார்கள், இவளிடம் சிரித்துக்கொண்டு கற்கிறார்கள். வங்கிக்காரப் பெண் லைசென்ஸ் வாங்கிவிட்டு இனிப்புப் பெட்டியோடு வந்து, "சின்ன டீச்சர் இல்லையா?" என்று கேட்டாள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவள், "வெச்சுட்டுப் போ, வருவா," என்றாள். பெட்டியைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் மெக்கானிக் திறந்து இரண்டை வாயில் போட்டுக்கொண்டதற்கு அவரோடு ஒரு சண்டை.

இதற்கிடையில் வலது கண்ணில் ஓர் ஆபரேஷன் நடந்தது. வெள்ளைவிழியில் சின்னதாக ஒரு வழி வெட்டி, நீர் வடிய விடுவது. சில மாதம் நன்றாக இருந்தது. பிறகு அவள் உடம்பு அந்த வழியைக் காயம் என்று நினைத்து ஆற்றி மூடிவிட்டது. ஊசியால் கீறித் திறந்து பார்த்தார்கள். திரும்பவும் மூடிக்கொண்டது. "உங்க உடம்புக்குக் காயம் ஆத்துறதுல அவ்வளவு சுறுசுறுப்பு," என்றார் டாக்டர்.

தங்கைக்கோ ஒரே ஒரு சொட்டு. அதிலும் ஒரு கூத்து நடந்தது. அந்த மருந்து போட்டால் சிலருக்கு இமை முடி நீளமாக, கருகருவென்று வளரும். தங்கைக்கு அப்படி வளர்ந்தது. எதிரில் வருகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு வளர்ந்தது. "என்ன மை போடறீங்க சின்ன டீச்சர்?" என்று பெண்கள் கேட்டார்கள். அதே மருந்தை முதலில் பெரியவளுக்கும் கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் முடி வளர்ந்தது. ஆனால் கண் வீங்கி ஒத்துக்கொள்ளாமல் போய், மருந்தை மாற்றிவிட்டார்கள். மருந்து நின்றதும் வளர்ந்த முடி கொட்டிப் பழையபடி குட்டையாகிவிட்டது. வியாதியில்கூட அவளுக்கு அலங்காரம், எனக்கு வீக்கம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தங்கை படியிறங்கி வரும்போதெல்லாம் முதலில் அந்த இமைகளைத்தான் பார்ப்பாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாள்.

வலது கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் கடைசியாகக் குழாய் வைக்கலாம் என்றார்.

"மேல் இமைக்கு அடியில, வெள்ளைவிழி மேல ஒரு சின்னத் தகடு தைச்சிடுவோம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வெளியே பாத்தா தெரியாது. அதுலேர்ந்து ஒரு மெல்லிய குழாய் கண்ணோட முன்பக்கத்துக்குள்ள போகும். உள்ள தேங்குற நீர் அது வழியா தகட்டு மேல வந்து சேரும். அங்கேர்ந்து உடம்பே அதை உறிஞ்சிக்கும்."

"போன பார்வை?"

"அது வராது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இது."

மெக்கானிக் ரொம்ப ஆர்வமாகத் தலையாட்டினார். "ரேடியேட்டருக்கு ஓவர்ஃப்ளோ பைப் வைக்கிற மாதிரிதானே டாக்டர்?"

"கிட்டத்தட்ட," என்றார் டாக்டர்.

"நான் என்ன உங்க லாரியா?" என்றாள் அவள்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். குழாயை உடனே திறந்துவிட்டால் நீரெல்லாம் ஒரேயடியாக வடிந்து கண் தளர்ந்துவிடும். அதனால் அதை ஒரு நூலால் கட்டிவைப்பார்கள். தகட்டைச் சுற்றித் திசு வளர்ந்து உறை மாதிரி ஆகும் சமயத்தில் நூல் தானாகக் கரையும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை மாத்திரையும் சொட்டு மருந்தும் தொடர வேண்டும். "அழுத்தம் இறங்கலையேன்னு பயந்துடாதீங்க. முடிச்சு அவிழணும்."

ஆபரேஷன் அன்று கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை. யாரோ கண்ணுக்கு மேலே உட்கார்ந்து நிதானமாகத் துணி தைப்பது போன்ற ஓர் அழுத்தம் மட்டும். டாக்டர் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே போகும் முன் தங்கை அவள் நெற்றியில் கை வைத்து, "பயப்படாதேக்கா" என்றிருந்தாள். மேஜையில் படுத்திருக்கும்போது அவளுக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. ஆறுதலாக இல்லை. பயப்பட வேண்டியது நான், பயப்படாதே என்று சொல்ல வேண்டியது நீ. எப்படிப் பங்கு பிரித்திருக்கிறது பார் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. மாத்திரையால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. சோடா குடித்தால் ருசி செத்துக் கிடந்தது. சொட்டு மருந்து போட மெக்கானிக்குக் கை வரவில்லை, கன்னத்துக்கே மருந்து ஊற்றினார். அதனால் தங்கை வகுப்புக்கு வகுப்பு இடையில் ஓடி வந்து போட்டாள்.

அப்படி ஒரு நாள் மதியம் தங்கை மேலே குனிந்தபோது, அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவ்வளவு பக்கத்தில், நேர் எதிரே இருப்பது மட்டும் அக்காவின் வலது கண்ணுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். வழக்கப்படி இமைகளைப் பார்த்தாள். குட்டையாக இருந்தன. ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் நீளமாக மிச்சம் நின்றன. மற்றதெல்லாம் பழைய முடி, சின்ன வயதிலிருந்து அவள் பார்த்த முடி.

தங்கை மருந்து போடுவதை நிறுத்திவிட்டிருக்கிறாள்.

முதலில் வந்தது கவலை இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. வெயிலில் நடந்துவிட்டு நிழலுக்கு வந்தது போல இருந்தது. கொடுத்ததைக்கூடக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை இவளுக்கு. நல்ல நேரத்தில் வந்தவள். ஆகட்டும், தெரியட்டும்.

"என்னக்கா, வலிக்குதா?" என்றாள் தங்கை.

"இல்ல. போ. உன் ஆளுங்க காத்திருப்பாங்க."

சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை தங்கை குனியும்போதும் இமைகளைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். யாருக்கும் தெரியாத இனிப்பை வாயில் அடக்கி வைத்திருப்பது போல அதை வைத்திருந்தாள். மெக்கானிக்கிடம்கூட மூச்சு விடவில்லை. அப்படிச் செய்கிறவர்களைப் பற்றி வேறு யாராவது சொல்லியிருந்தால், இவளும் மனுஷியா என்று கேட்டிருப்பாள்.

வாரங்கள் போயின. ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தம் இறங்காமலே இருந்தது. முடிச்சு அவிழவில்லை என்றார்கள். இதுவும் போச்சு என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அப்போது ஒரு காலை எழுந்தபோது கண்ணுக்கு எதிரே எல்லாம் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஜன்னல் தெரிந்தது, ஜன்னலின் கம்பிகள் தெரியவில்லை. கண்ணுக்குள் ஒரு மந்தமான வலி. அவள் கத்திய சத்தத்தில் தங்கை மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

உடனே காரில் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். தங்கை ஓட்டிய வேகத்துக்கு வேறு நாளாக இருந்தால் அக்கா பத்துத் தடவை "பிரேக்!" என்றிருப்பாள்.

டாக்டர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "முடிச்சு அவிழ்ந்துடுச்சு. குழாய் திறந்திருக்கு. அழுத்தம் திடீர்னு இறங்கினதால மங்கலா இருக்கு. கொஞ்ச நாள்ல தெளிஞ்சிடும். மாத்திரையை நிறுத்திடலாம்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். பின்னால் நின்ற தங்கை சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். நானே அழவில்லை, இவள் எதற்கு அழுகிறாள் என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

சொன்னபடியே மெல்ல மெல்லத் தெளிந்தது. ஜன்னல் கம்பிகள் திரும்பி வந்தன. அழுத்தம் டாக்டர் விரும்பிய இடத்துக்கு வந்து நின்றது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது தங்கைக்கும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள். இருவரும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். அக்காவின் கண்ணைப் பார்த்த டாக்டர் இரண்டாவது முறையாகச் சிரித்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அழுத்தம் நல்லா ஏறியிருக்கே. மருந்து ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

"தினமும்?"

"தினமும்."

டாக்டர் யோசித்தார். "அப்ப மருந்துக்கு அடங்கலைன்னுதான் அர்த்தம். இன்னொரு மருந்து சேர்க்கலாம். லேசர் பண்ணிப் பார்க்கலாம். உங்க குடும்பத்துல இது எவ்வளவு பிடிவாதம் பிடிக்குதுன்னு அக்கா விஷயத்துல பாத்தாச்சு. அதுக்கும் அடங்கலைன்னா ஆபரேஷன்தான். மனசைத் தயார் பண்ணிக்கங்க."

பக்கத்தில் தங்கை மடியில் கார் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அக்காவுக்கு அந்த மேஜை நினைவுக்கு வந்தது. கண்ணுக்கு மேலே நிதானமாகத் தைக்கும் அந்தக் கை. ஆறி மூடிக்கொண்ட வழி. கீறித் திறந்த ஊசி. இத்தனை வாரம் அடக்கி வைத்திருந்த இனிப்பு சட்டென்று வாயில் கசந்தது.

"பொய் சொல்றா டாக்டர்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அவ மருந்தே போடறதில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உண்மையா?" என்றார் டாக்டர், கோபம் இல்லாமல்.

தங்கை ஆமாம் என்று தலையசைத்தாள். "கண்ணு சிவந்துக்கிட்டே இருந்துச்சு டாக்டர். ஒரு பையனோட அப்பா வந்து, உங்க டீச்சர் குடிச்சுட்டு வண்டி ஓட்டுறாங்களான்னு மாமாகிட்ட கேட்டுட்டாரு. மாமா அதைச் சிரிப்பா சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல. அப்புறம் விட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேனே? சிவக்காத மருந்தும் இருக்கு. ஏன் சொல்லல?"

தங்கை டாக்டரைப் பார்க்காமல் திரும்பினாள். அக்காவிடம் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்துல உக்காந்திருந்தே. ஒரு கண்ணு போயி, இன்னொரு கண்ணும் போயிடுமோன்னு உக்காந்திருக்கிற உன் முன்னாடி, எனக்குக் கண்ணு சிவக்குதுன்னு எப்படிக்கா சொல்றது?"

மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஆபரேஷன் பேச்சு அதோடு போயிற்று. வெளியே கூடத்தில், மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு நடுவில், தங்கை திடீரென்று நின்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் இமையைப் பாத்தேன். முடி குட்டையாயிடுச்சு."

"எப்ப பாத்தே?"

அக்கா ஒரு பொய்யைத் தேடினாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கம்தான், சைக்கிள்காரர் விஷயத்தில்கூட டக்கென்று வந்தது. இப்போது வரவில்லை. "ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல."

தங்கை மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்பவே ஏன் சொல்லல?"

வரிசை ஓர் அடி நகர்ந்தது. பின்னால் நின்றவர், "போறீங்களா இல்லையா?" என்றார். இருவரும் நகர்ந்தார்கள்.

"உனக்கும் போகட்டும்னு நினைச்சேன்," என்றாள் அக்கா.

தங்கை மருந்தை வாங்கினாள். காருக்கு வந்து கதவைத் திறந்துவிட்டாள். வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். அதன்பிறகு பல நாள் பேசவில்லை. அக்காவுக்கு மருந்து போடும் நேரத்துக்கு மட்டும் தவறாமல் வருவாள். இமையை இழுப்பாள், சொட்டை விடுவாள், மூடியைத் திருகுவாள், போய்விடுவாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. "என்னதான் ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்? இஞ்சின் ஓடுது, வண்டி நகரலையே!" என்று மெக்கானிக் கேட்டார். இருவரும் ஒரே குரலில், "நீங்க சும்மா இருங்க" என்றார்கள். அந்த நாட்களில் அவர்கள் சேர்ந்து பேசியது அது ஒன்றுதான்.

ஒரு சாயங்காலம் வகுப்பெல்லாம் முடிந்து தங்கை முன்னறைக்கு வந்தாள். கையில் அவளுடைய மருந்து. அதை மேஜைமேல் அக்காவின் முன்னால் வைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"போடு."

"என்னது?"

"இனிமே எனக்கு நீதான் போடணும். தினமும். போகட்டும்னு நினைச்ச கையாலயே போட்டுக்கறேன்."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுடி."

"இமை முடி மட்டும் நல்லாத் தெரிஞ்சுதில்ல?"

அக்கா மருந்தை எடுத்துக்கொண்டாள். எழுந்து வந்தாள். முதல் சொட்டு மூக்கின் மேல் விழுந்து வழிந்தது. அடுத்தது புருவத்தில். "மாமா, நீங்களே தேவலைபோல இருக்கு," என்று தங்கை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அப்போதுதான் அக்காவுக்கு மூச்சே வந்தது. மூன்றாவது சொட்டு சரியாக விழுந்தது. கண்ணின் உள் ஓரத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி.

புது மருந்தில் கண் சிவக்கவில்லை. இமை முடியும் வளரவில்லை. "அது மட்டும் இருந்திருக்கலாம்," என்று தங்கை கண்ணாடி முன்னால் நின்று குறைபட்டுக்கொண்டாள். அக்காவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மறைக்கவும் இல்லை. அடுத்த பரிசோதனையில் தங்கையின் அழுத்தம் இறங்கியிருந்தது.

பெரியவளின் குழாய் இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது. மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு சின்ன மேடு தெரியும், அவ்வளவுதான். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணின் ஓரமும் வரவில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் காரை விற்றுவிடலாமா என்று மெக்கானிக் கேட்டபோது, விற்க வேண்டாம், இன்னோர் ஆளை வேலைக்கு வைக்கலாம் என்றாள். முன்னறையில் சாலை விதிகளை அவள்தான் நடத்துகிறாள். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறாள்: "கண்ணை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தியா? காட்டாதவங்களுக்கு இங்க கிளாஸ் கிடையாது." தன் கதையைச் சொல்வதில்லை. கேட்டால், "என் தங்கச்சியைக் கேளு" என்பாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. வாசலில் கார் கிளம்பி உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் இன்னும் அவளுக்கு எங்கோ சுருக்கென்று தைக்கிறது. சாயங்காலம் தங்கை நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு சாண் தூரத்திலிருந்து அந்த இரண்டு கண்களையும் பார்ப்பாள். ஓரம்வரை உலகம் தெரிகிற கண்கள்.

"என்னக்கா, இன்னிக்கும் பொறாமையா?" என்பாள் தங்கை, கண்ணை மூடாமல்.

"ஆமா. ஆடாம இரு," என்பாள் அவள்.